மேனேஜர் மருமகள் வேண்டும், மேனேஜர் வேலை மட்டும் வேண்டாமா?

 

ஜமாஅத்துக்கு வரும் குடும்ப வழக்குகளில் இப்போது ஒரு புதிய ரகம் சேர்ந்திருக்கிறது. வரதட்சணை கேட்டான், வெளிநாடு போனவன் பணம் அனுப்பவில்லை, மாமியார் கொடுமை தாங்கவில்லை என்பவையெல்லாம் பழைய ரகங்கள். புதிய ரகம் வேறு. மனைவி ஒரு கம்பெனியில் மேனேஜர். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிறார். வந்த பிறகும் போன் ஓய்வதில்லை. பிள்ளை பாட்டியிடமே வளர்கிறது. கணவன் தரப்பு சொல்கிறது: "வேலையை விடு; இல்லையென்றால் வீட்டை விடு!" பெண் தரப்பு சொல்கிறது: "என் சம்பளத்தில்தானே வீட்டுக் கடனும் காருக்குத் தவணையும் கட்டுகிறீர்கள்?"

இந்த வழக்குகளில் கணவனைப் பார்த்து நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "தம்பி, நிக்காஹ்வுக்கு முன்பே இந்தப் பெண் வேலையில் இருந்தாரா, இல்லையா?" பெரும்பாலும் "இருந்தார்" என்றுதான் பதில் வருகிறது. அது மட்டுமா? பெண் தேடும்போதே, "படித்த பெண், நல்ல கம்பெனியில் வேலை, கை நிறையச் சம்பளம்" என்று சொல்லித்தான் முடித்திருக்கிறார்கள். மேனேஜர் மருமகள் வேண்டும், மேனேஜர் சம்பளம் வேண்டும். ஆனால் மேனேஜர் வேலை மட்டும் வேண்டாம்! இது என்ன நியாயம்?

இது ஏதோ நாலு வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. நாளை நம் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டப்போகும் பிரச்சினை இது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பேசுவோம்.

யார் கேட்டு வந்தது இந்த நிலை?

ஒரு காலத்தில் நம் பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் நாம். பிறகு விழித்துக்கொண்டோம். சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955ஆம் ஆண்டில் பெண்கள் கல்லூரி வந்தது. கீழக்கரையில் 1988ஆம் ஆண்டில் தாசீம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்தது. வாணியம்பாடியில், மேல்விஷாரத்தில், காயல்பட்டினத்தில் எனப் பல ஊர்களிலும் பெண்களுக்கென்றே கல்லூரிகள் எழுந்தன. நம் செல்வந்தர்கள் நிலம் கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

பிறகு இட ஒதுக்கீடு கேட்டோம். மாநாடு நடத்தினோம், ஊர்வலம் போனோம். 2007ஆம் ஆண்டில் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனி ஒதுக்கீடு வழங்கியது. அந்த மேடைகளில் நாம் என்ன பேசினோம்? "எங்கள் பிள்ளைகள் டாக்டராக வேண்டும், இன்ஜினியராக வேண்டும், அதிகாரியாக வேண்டும்" என்று பேசினோம். பிள்ளைகள் என்றால் ஆண் பிள்ளைகள் மட்டும் என்று எந்த மேடையிலும் சொல்லவில்லையே!

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் என்றால் பெண் டாக்டரைத் தேடுகிறோம். நம் மகள் படிக்கும் பள்ளியில் பெண் ஆசிரியை வேண்டும், பெண் தலைமையாசிரியை வேண்டும் என்கிறோம். துணிக்கடையில் நம் வீட்டுப் பெண்களுக்கு எடுத்துக் காட்டப் பெண் ஊழியர் வேண்டும் என்கிறோம். அந்த டாக்டர் யாருடைய மகள்? அந்தத் தலைமையாசிரியை யாருடைய மனைவி? எல்லோர் வீட்டுப் பெண்ணும் நமக்குச் சேவை செய்ய வேண்டும். நம் வீட்டுப் பெண் மட்டும் யாருக்கும் பயன்படக் கூடாது என்று நினைப்பது சமுதாயச் சிந்தனை ஆகாது.

மேனேஜர் என்றால் என்ன?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மேனேஜர் என்றால் ஏசி அறை, சுழலும் நாற்காலி. உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும், அந்த நாற்காலி சும்மா சுழலவில்லை என்று!

வங்கியை நான் உதாரணமாக எடுக்கவில்லை. வட்டிக் கணக்கு எழுதும் வேலை பற்றிய மார்க்கத் தீர்ப்பு தனி விஷயம். அதை வேறொரு சந்தர்ப்பத்தில் பேசலாம். கம்ப்யூட்டர் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் கம்பெனிக்கு வேலை கொடுப்பவன் அமெரிக்காவில் இருக்கிறான். நியூயார்க்கில் அவன் காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்காரும்போது, சென்னையில் கோடைக்காலம் என்றால் இரவு ஏழரை, குளிர்காலம் என்றால் எட்டரை. அதாவது, மஃக்ரிப் முடிந்து, பிள்ளை பாடம் படிக்க உட்காரும் நேரம், வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம், அதுதான் அவனுக்குக் கூட்டம் போடும் நேரம்! சாதாரண ஊழியர் ஷிப்ட் முடிந்து போய்விடலாம். மேனேஜர் போக முடியாது. கீழே இருபது பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தவர் அவர்தான். மேலே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வாருங்கள். காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு மேலே சூப்பர்வைசராக, தயாரிப்பு மேனேஜராகப் பெண்களும் இருக்கிறார்கள். சரக்குக் கப்பலுக்குப் போக வேண்டிய தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு கம்பெனியின் லாபத்தையே விழுங்கிவிடும். பத்துப் பெண்கள் வேலைக்கு வராத நாளில் அந்த வரிசையை எப்படி ஓட்டுவது என்ற கவலை அந்த மேனேஜருடையது. அன்று அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்? கப்பல் காத்திருக்காது!

இதில் பலருக்கும் தெரியாத ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. தொழிலாளிக்கு வேலை நேரம் உண்டு. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி உண்டு. ஆனால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. தொழில் தகராறுகள் பற்றிய சட்டத்திலும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவதில்லை. விளைவு என்ன? பதவி உயர்வு என்று மாலை போடுகிறார்கள். அந்த மாலையோடு சேர்த்து, நேரத்துக்கு வீடு போகும் உரிமையையும் பறித்துக்கொள்கிறார்கள்.

பெருமுதலாளிகளின் ஆசையோ இன்னும் பெரியது. இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு அக்டோபரில் சொன்னார். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் இன்னும் ஒருபடி மேலே போய் 90 மணி நேரக் கணக்குச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று அவர் கேட்டதை நாடே பேசியது.

90 மணி நேரம் என்றால் என்ன கணக்கு? வாரம் ஆறு நாள் என்றால் நாளுக்கு 15 மணி நேரம். அலுவலகம் போய்வர இரண்டு மணி நேரம் சேர்த்தால் 17. மீதி ஏழு மணி நேரத்தில் தூங்க வேண்டும், தொழ வேண்டும், சாப்பிட வேண்டும், பிள்ளையைப் பார்க்க வேண்டும். இப்படிப் பேசுகிறவர்கள், வீட்டில் சோறு தானாக வெந்து, பிள்ளை தானாக வளர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அந்த வேலையை யாரோ ஒரு பெண் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாள் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தப் பெண்ணே அலுவலகத்துக்கு வந்துவிட்டால்? அங்கேதான் இந்தக் கணக்கு உடைகிறது!

வீட்டில் காத்திருக்கும் இரண்டாவது வேலை

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டது. 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக நாள் ஒன்றுக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். வீட்டு வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டதோ 97 நிமிடம். அதிலும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் வீட்டு வேலையில் கை வைத்தார்கள். பெண்களில் 81 பேர். 2024ஆம் ஆண்டில் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம்! பெண்ணுக்கு 10 நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள் ஆண் தன் பங்கிலிருந்தும் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டான்.

இது வேலைக்குப் போகும் பெண், போகாத பெண் எல்லோரையும் சேர்த்த கணக்கு. ஆனால் நம் வீடுகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெண் வெளியே எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் வீட்டு வேலையின் பொறுப்பு அவள் தோளிலிருந்து இறங்குவதில்லை. வேலைக்காரப் பெண் வைத்தாலும், அவர் வராத நாளில் யார் பாத்திரம் கழுவுவது? பள்ளியிலிருந்து பிள்ளைக்கு வாந்தி என்று போன் வந்தால், அந்தப் போன் யாருக்கு வருகிறது? அப்பா பக்கத்துத் தெருக் கடையில் இருப்பார். அம்மா இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பார். போன் அம்மாவுக்குத்தான் வரும்!

ரமலானில் பாருங்கள். சஹருக்கு மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது அவள். ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருப்பது அவள். மாலையில் ஓடோடி வந்து நோன்பு திறக்க வடையும் சமோசாவும் பொரிப்பது அவள். ஆண்கள் பள்ளிவாசலில் கஞ்சி குடித்துத் தராவீஹ் தொழுது வரும்போது அவள் சமையலறையைக் கழுவிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் அது நோன்புதான் சகோதரர்களே! அவளுக்கும் அது குர்ஆன் இறங்கிய மாதம்தான்!

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் இளைஞர்கள் துபாயிலும் ரியாத்திலும் ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்குகிறார்கள். அங்கே முறை வைத்துச் சமைக்கிறார்கள். கறி வெட்டுகிறார்கள், துணி துவைக்கிறார்கள், கழிப்பறை கழுவுகிறார்கள். ஒருவரும் கௌரவம் போய்விட்டது என்று சொல்வதில்லை. அதே தம்பி விமானத்தை விட்டு இறங்கி வீட்டு வாசற்படி ஏறியதும், ஒரு டம்ளர் தண்ணீருக்கும் குரல் கொடுக்கிறார். கடல் தாண்டினால் மறந்துபோகும் வேலையா அது?

மார்க்கம் எங்கே நிற்கிறது?

"ஹஜ்ரத், மார்க்கம் பெண்ணை வீட்டில் இருக்கத்தானே சொல்கிறது?" என்று கேட்பார்கள். மார்க்கத்தை முழுவதுமாகப் பார்க்க வேண்டும்.

குடும்பத்துக்குச் செலவு செய்வது ஆணின் கடமை. இது திருக்குர்ஆன் 4:34 சொல்லும் சட்டம். பெண் லட்சாதிபதியாக இருந்தாலும் இந்தக் கடமை ஆணை விட்டு நீங்காது. பெண் சம்பாதித்தது பெண்ணுக்கே உரியது. ஆண் சம்பாதித்ததில் ஆணுக்குப் பங்கு இருப்பது போலவே பெண் சம்பாதித்ததில் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்பது 4:32 வசனத்தின் கருத்து. அவள் மனமுவந்து வீட்டுக்குக் கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), தம் பொருளைக் கணவருக்கும் தம் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது பற்றிக் கேட்டபோது, அதற்கு இரட்டை நற்கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகப் புகாரியில் வருகிறது. நற்கூலி என்றுதான் சொன்னார்கள். கடமை என்று சொல்லவில்லை. இன்று பல வீடுகளில் சம்பளம் விழுந்த அன்றே மனைவியின் ஏடிஎம் அட்டை கணவனின் சட்டைப் பையில்! அவளுடைய சம்பளம் வீட்டுக்குப் பொது. வீட்டு வேலை மட்டும் அவளுக்குத் தனி!

திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைப் படியுங்கள். மத்யன் நகரின் தண்ணீர்த் துறையில் கூட்டம். இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். தந்தை முதியவர், ஆகவே மேய்க்க வந்தவர்கள் அந்தப் பெண்கள். மூஸா (அலை) அவர்கள் என்ன செய்தார்கள்? ஏன் வெளியே வந்தீர்கள் என்று அதட்டவில்லை. விவரம் கேட்டார்கள், கேட்டதும் அவர்களுக்காக நீர் புகட்டிக் கொடுத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார்கள். வேலையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்தால் ஒரு நபிக்குத் தோன்றியது அவள் சுமையை இறக்குவது. நமக்கோ அவளுக்கு உபதேசம் செய்வதுதான் தோன்றுகிறது!

அபூபக்கர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்களின் வரலாறும் புகாரியில் உள்ளது. கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் குதிரைக்குத் தீனி போடுவது, தண்ணீர் இறைப்பது, தோல் வாளியைத் தைப்பது, தூரத்து நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவது எல்லாம் அவர்கள் வேலை. ரொட்டி சுட அவர்களுக்குச் சரியாக வராது. பக்கத்து வீட்டு அன்சாரிப் பெண்கள் சுட்டுக் கொடுப்பார்கள். கடைசியில் தந்தை அபூபக்கர் (ரலி) ஒரு பணியாளரை அனுப்பி, குதிரையைக் கவனிக்கும் வேலையை எடுத்துக்கொண்டபோது, தனக்கு விடுதலையே கிடைத்தது போல் இருந்தது என்கிறார்கள் அஸ்மா (ரலி). உள்ளே வேலை, வெளியே வேலை என்று இரண்டையும் சுமந்த பெண்ணின் களைப்பை நம் ஹதீஸ் நூல்கள் மறைக்கவில்லை. அண்டை வீட்டார் கை கொடுத்தார்கள், தந்தை ஆள் அனுப்பினார். இன்று நம்மிடம் அந்த அண்டை வீட்டாரும் இல்லை, அந்தத் தந்தையும் இல்லை!

சமையலும் துவைப்பும் மனைவி மீது சட்டப்படியான கடமை அல்ல என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் சொல்கின்றன. தாய் வீட்டில் பணியாளோடு வாழ்ந்த பெண்ணுக்குப் பணியாள் வைத்துக் கொடுப்பது கணவன் பொறுப்பு என்றும் அவை சொல்கின்றன. ஊர் வழக்கப்படி மனைவிதான் செய்ய வேண்டும் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு; மறுக்கவில்லை. "எனக்கு மத்ஹபு வேண்டாம், நபிவழிதான் வேண்டும்" என்பீர்களானால் அதையும் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாரின் வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்ததும் தொழப் புறப்பட்டுவிடுவார்கள் என்று பதில் வந்தது. தாடி ஸுன்னத், மிஸ்வாக் ஸுன்னத் என்று பேசும் தம்பிகளே! இந்த ஸுன்னத்தை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள்?

இன்னும் ஒன்று. தொழுகையை நீட்ட வேண்டும் என்று எண்ணி நிற்கும்போது ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வதாக நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ்வின் முன் நிற்கும் தொழுகையையே ஒரு தாய்க்காகச் சுருக்கினார்கள். ஒரு கம்பெனிக் கூட்டத்தை ஒரு தாய்க்காகச் சுருக்க முடியாதா?

"வேலையை விட்டுவிட்டால் போயிற்று!"

சிலர் இப்படி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்கிறார்கள். வீட்டில் இருந்து பிள்ளை வளர்ப்பதைத் தேர்ந்தெடுக்கும் பெண் எந்த வகையிலும் தாழ்ந்தவர் அல்ல. அவர் செய்வது பெரிய பணி. "வேலைக்குப் போனால்தான் பெண்ணுக்கு மதிப்பு" என்று சொல்லும் மேற்கத்தியக் கூச்சலுக்கு நாம் தலையாட்ட வேண்டியதில்லை. பிள்ளையின் உரிமையைப் பறித்துப் பதவியைத் துரத்துவதும் சரியல்ல. உன் இறைவனுக்கும் உரிமை உண்டு, உன் உடலுக்கும் உரிமை உண்டு, உன் குடும்பத்துக்கும் உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரையை நபி (ஸல்) அவர்கள் உண்மை என்று ஏற்றார்கள். இந்த அறிவுரை பெண் மேனேஜருக்கும் உரியது.

ஆனால் கவனியுங்கள். அந்த அறிவுரை முதலில் சொல்லப்பட்டது ஓர் ஆணுக்கு! மனைவியைக் கவனிக்காமல் எந்நேரமும் வணக்கத்தில் மூழ்கிய ஓர் ஆணுக்கு. வணக்கத்துக்கே அந்த அளவு என்றால், காலை ஒன்பதுக்குக் கடைக்குப் போய் இரவு பதினொன்றுக்கு வந்து, பிள்ளை எந்த வகுப்புப் படிக்கிறது என்றே தெரியாத நம் வியாபாரி சகோதரரின் நிலை என்ன? பிள்ளை தாயை மட்டும் தேடவில்லை. தகப்பனையும் தேடுகிறது.

பால்குடி மறக்கடிப்பதைப் பற்றிப் பேசும்போது கூட, தாயும் தந்தையும் ஆலோசித்து மனம் ஒத்துச் செய்ய வேண்டும் என்கிறது 2:233 வசனம். ஒரு பிள்ளைக்குப் பால் நிறுத்துவதற்கே மஷூரா வேண்டும் என்றால், ஒரு பெண் பத்து ஆண்டு உழைத்து அடைந்த பொறுப்பை விடுவதா, குறைப்பதா, தொடர்வதா என்பதற்கு மஷூரா வேண்டாமா? மாமியாரும் நாத்தனாரும் முடிவெடுத்து, அதை ஓர் உத்தரவாக அறிவிப்பது மஷூரா ஆகாது.

வியாபாரி சகோதரர்களுக்கு

இதுவரை கணவர்களிடம் பேசினேன். இனி முதலாளிகளிடம் பேசுகிறேன். இந்த இதழைப் படிப்பவர்களில் கடை வைத்திருப்பவர்கள், தொழிற்சாலை நடத்துபவர்கள் பலர். உங்களிடம் வேலை செய்யும் பெண்களும் யாரோ ஒருவரின் தாய், யாரோ ஒருவரின் மகள். பணியாளர் மீது அவர் சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் சேர்ந்து உதவுங்கள் என்பது அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன கட்டளை. ஆகவே:

1. பேருக்கு மேனேஜர் என்று பட்டம் கொடுத்து, கல்லாவில் உட்கார வைத்து, சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து ஒரு பெண்ணை வெளியேற்றாதீர்கள். சட்டம் பட்டத்தைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்க்கும். மறுமையிலும் அப்படித்தான்!

2. கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழக அரசு 2019ஆம் ஆண்டில் அனுமதி கொடுத்தபோது, பெண் ஊழியரைச் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் நிபந்தனை போட்டது. பெருநாள் சீசன், பொங்கல் சீசன் என்று சொல்லி அதை மறக்காதீர்கள். இரவுக் கணக்கு முடிக்கும் வேலையை ஆண் ஊழியருக்கு மாற்றுங்கள்.

3. நாள் முழுவதும் நிற்க வைக்காதீர்கள். ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமே திருத்தப்பட்டது.

4. பிரசவ விடுப்பை இரக்கத் தொகை போல் நினைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றுள்ளது. "இவ்வளவு செலவா? அப்படியென்றால் பெண்ணே வேண்டாம்" என்று கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்காமல் விடும் தந்திரத்தை அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

5. மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் வைக்காதீர்கள். வீட்டுக்குப் போன ஊழியரைப் போனில் துரத்தாதீர்கள். நாளை காலை சொல்லக்கூடியதை நாளை காலை சொல்லுங்கள்.

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்துக் குரல் கொடுத்தன. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எட்டு மணி நேரம் என்பது இனாமாகக் கிடைத்தது அல்ல; அதை விட்டுக்கொடுத்தால் முதலில் உடைவது குடும்பம்தான். குடும்ப அமைப்பைப் பற்றி அதிகம் பேசும் நம் சமுதாயம், வேலை நேரத்துக்கான போராட்டத்திலும் முன்வரிசையில் நிற்க வேண்டும்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

மஹல்லாக்களில் மக்தப் மதரஸா கட்டடங்கள் இருக்கின்றன. காலையில் ஒன்றரை மணி நேரம், மஃக்ரிபுக்குப் பின் ஒன்றரை மணி நேரம். பகல் முழுவதும் பூட்டு! அந்தக் கட்டடத்தில், நம்பிக்கையான இரண்டு மூதாட்டிகளையும் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணையும் சம்பளத்துக்கு வைத்து, வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடத்தலாம். பிள்ளைகள் கலிமாவும் துஆவும் கேட்டு வளர்வார்கள். ஏழை விதவைகளுக்கு ஒரு வருமானமும் ஆகும். பிள்ளையைப் பிறர் கையில் கொடுத்து வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்களே ஹலீமா (ரலி) அவர்களிடம் வளர்ந்தவர்கள்தான்.

இரண்டாவது, நிக்காஹ்வுக்கு முன்பே பேசுங்கள். பெண் வேலைக்குப் போவாரா, எந்த நேரம் வரை, பிள்ளை பிறந்தால் யார் பார்ப்பது, மாற்றல் வந்தால் என்ன, சம்பளம் யார் கையில், இவற்றை மஹர் பேசும் சபையிலேயே பேசுங்கள். ஒத்துக்கொண்டதை நிக்காஹ் தஃப்தரில் எழுதுங்கள். நிறைவேற்றப்பட வேண்டிய நிபந்தனைகளில் முதலிடம் பெறுவது திருமணத்தில் ஏற்ற நிபந்தனைகளே என்ற கருத்தில் நபிமொழி உள்ளது. பிரியாணிக்கு எத்தனை மூட்டை அரிசி என்று இரண்டு மணி நேரம் பேசும் சபையில், இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

இளைஞர்களே! உங்களிடம் கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமல்ல. மனைவி வரத் தாமதமாகும் நாளில் சோறு வடியுங்கள். பிள்ளைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள். பள்ளியில் கொடுக்கும் தொடர்பு எண்ணில் உங்கள் எண்ணை முதலில் எழுதுங்கள். உம்மாவோ அம்மாவோ முகம் சுளித்தால், நபி (ஸல்) அவர்களின் வீட்டு நடைமுறையை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். ரமலானில் ஒரு நாளாவது சஹர் சமைத்துவிட்டு மனைவியை எழுப்புங்கள். அந்த ஒரு நாளில் வீட்டில் இறங்கும் பரக்கத்தை நீங்களே பார்ப்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் தனியாகச் சுமந்து, யாரிடமும் சொல்லாமல், ஒருநாள் உடைந்து அழுவதில் வீரம் இல்லை. முடியாததை முடியாது என்று வீட்டிலும் சொல்லுங்கள், அலுவலகத்திலும் சொல்லுங்கள். பதவி உயர்வை ஏற்பதும் மறுப்பதும் கணவனோடு கலந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும். தொழுகையை எந்தக் கூட்டத்துக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணுக்கும் பிள்ளை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். உங்களுக்குக் கிடைக்காத சலுகையை அவருக்கு நீங்கள் கொடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். பட்டம் வாங்க வைத்தோம். பொறுப்புகளில் அமர வைத்தோம். இத்தோடு நம் கடமை முடிந்ததா? அந்தப் பொறுப்பையும் குடும்பத்தையும் சேர்த்துச் சுமக்க அவர்களுக்குத் தோள் கொடுக்காவிட்டால், நாம் கட்டிய கல்லூரிகளும் நடத்திய போராட்டங்களும் பாதியில் நிற்கும். பாதியில் நிற்கும் பாலத்தால் யாருக்குப் பயன்?

கணவன் மனைவிக்கிடையே அன்பையும் கருணையும் ஏற்படுத்திய அல்லாஹ், நம் வீடுகளில் அந்த அன்பையும் கருணையையும் நிலைத்திருக்கச் செய்வானாக! ஆமீன்.